செட்டிநாட்டு வீட்டில், பழைய சேகரிப்புக்கு நடுவே என் அரூப ஓவியங்கள்: எப்படி வைப்பது?

வண்ணக்கிண்ணம்:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் காரைக்குடி. பதினோரு வருஷமாக அரூப ஓவியம் மட்டும்தான் வரைகிறேன், எண்ணெய் வண்ணத்தில். உருவம் எதுவும் இருக்காது, நிறமும் கோடும்தான். பெரும்பாலும் நாலடிக்கு மூன்றடி, இரண்டு மட்டும் ஐந்தடிச் சதுரம்.

கானாடுகாத்தானில் ஒரு பெரியவர், தை மாதம் பத்து நாள் வீட்டைத் திறந்துவிடுகிறேன், உன் படங்களை வை என்றார். ஒரே ஒரு நிபந்தனை: சுவரில் இருக்கும் எதையும் இறக்கக் கூடாது. அவருடைய ஐயா காலத்திலிருந்து சேர்ந்தவை அவை. ரவிவர்மா அச்சுப் படங்கள், தஞ்சாவூர்ப் படங்கள், கண்ணாடிக்குப் பின்னால் வரைந்த படங்கள், பர்மாவிலிருந்து வந்த அரக்குப் பாத்திரங்கள், வரிசையாக முன்னோர் புகைப்படங்கள். என் படங்கள் இவற்றோடு சேர்ந்துதான் இருக்க வேண்டும்.

போய்ப் பார்த்தேன். முகப்பைத் தாண்டியதும் ஒரு லட்சுமி, ரவிவர்மா அச்சுதான். ஆனால் அந்த வீட்டு ஆச்சி யாரோ ஒருவர் புடவை இருக்கும் இடத்தில் நிஜமான பட்டுத் துணியை வெட்டி ஒட்டி, கரை முழுக்க ஜிகினா வைத்துத் தைத்திருக்கிறார். கிட்டே போனால் ஊசி போன துளைகூடத் தெரிகிறது. ஓர் இடத்தில் நூல் தீர்ந்துபோய் வேறு பச்சை நூலில் தொடர்ந்திருக்கிறார். அதற்கு எதிரே நின்று என் படத்தை அங்கே மனதில் வைத்துப் பார்த்தேன், நெஞ்சு அடைத்துவிட்டது. இவ்வளவு கை உழைப்பு, இவ்வளவு பக்திக்கு நடுவே என்னுடையது வெறும் நிறமாகத் தெரிந்துவிடுமோ?

இன்னொரு பயமும் இருக்கிறது. இரண்டு வருஷம் முன்பு ஒரு விடுதியில் என் படங்களை வைக்கக் கேட்டார்கள். சுவர் நிறத்துக்குப் பொருந்தியதை மட்டும் எடுத்துச் சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டினார்கள், அதில் ஒன்று தலைகீழ். மூன்று நாள் அப்படியே தொங்கியது, நான் போய்ப் பார்த்துச் சொல்லும்வரை யாருக்கும் தெரியவில்லை. அலங்காரப் பொருளாக மறுபடி நிற்க எனக்கு மனசில்லை.

செய்யலாமா? செய்தால் எங்கே, எப்படி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

முகப்புத்திண்ணை:

தங்கச்சி, கட்டாயம் செய். நான் அப்படிப்பட்ட வீட்டில்தான் வளர்ந்தேன், அதனால் முதலில் சுவரைப் பற்றிச் சொல்கிறேன்.

ஆணி மட்டும் அடித்துவிடாதே. அது சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பல பூச்சாகப் பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றிய சுவர். கை வைத்தால் வெயில் காலத்திலும் ஜில்லென்று இருக்கும். ஓர் ஆணி போனால் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து வரும், அதை அதே மாதிரி திரும்பப் பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடி அலைய வேண்டும். பழைய படங்கள் எப்படித் தொங்குகின்றன என்று கவனித்தாயா? சுவரின் மேல்பக்கம் ஓடும் தேக்குச் சட்டத்திலிருந்து, கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்து. கீழே நிற்பவர் அண்ணாந்து பார்க்க வசதியாக அப்படி மாட்டினார்கள். உன் படத்தையும் அந்தச் சட்டத்திலிருந்தே கம்பியில் இறக்கு, ஆனால் சாய்க்காதே, கண் மட்டத்துக்குக் கொண்டு வா. மேலே அவர்கள் வரிசை, கீழே உன் வரிசை என்று தானாகவே பிரிந்துவிடும்.

அடுத்தது இடம். வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றிக் கதவு, கதவு, கதவு என்று போகும் இல்லையா? எங்கள் வீட்டில் இரண்டு கதவுக்கு நடுவே மூன்றடிகூட வராது. உன் ஐந்தடிச் சதுரம் அங்கே எங்கே நிற்கும்? டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்துவிட்டு வந்து பேசு. பெரிய சுவர் வேண்டுமென்றால் பந்தி போடும் போஜன ஹால்தான்.

வெளிச்சமும் முக்கியம். தை மாதம் வெயில் தெற்கிலிருந்து சாய்ந்து வளவுக்குள் இறங்கும், வடக்குத் தாழ்வாரத்தில் விழும். அங்கே வைத்தால் நடுப்பகலில் எண்ணெய்ப் பளபளப்பைத் தவிர ஒன்றும் தெரியாது. தெற்குத் தாழ்வாரத்துச் சுவர் நாள் முழுக்க நிழலில் இருக்கும், முற்றத்து வெளிச்சம் மட்டும் மெதுவாக வந்து படும். விளக்கே வேண்டாம்.

இன்னொன்று, அந்தப் பெரியவர் ஒருவர் சரி என்றால் போதாது. வீடு பங்காளிகள் எல்லோருக்கும் பொது. சென்னையில் இருப்பவர், மலேசியாவில் இருப்பவர் எல்லோரிடமும் அவரையே ஒரு வார்த்தை கேட்டு வைக்கச் சொல். எங்கள் வீட்டில் ஒரு படப்பிடிப்புக்குத் திறந்துவிட்டு, ஒரு சித்தப்பாவிடம் சொல்லாமல் போனதற்கு நாலு வருஷம் பேச்சு வார்த்தை இல்லை.

பூக்கல்:

அக்கா, நான் ஆத்தங்குடி. வீட்டில் தரைக்குப் போடும் பூக்கல் ஊற்றுகிற தொழில். முகப்புத்திண்ணை அக்கா சுவரைப் பற்றியே கவலைப்படுகிறார், நான் தரையைப் பற்றிக் கவலைப்படுகிறேன்.

எங்கள் கல்லை எல்லோரும் இப்போது அரூப ஓவியம்தான் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கண்ணாடி மேல் அச்சை வைத்து, அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நிறக் குழம்பை ஊற்றி, அச்சை மெதுவாகத் தூக்குவோம். அந்த நொடியில் கை நடுங்கினால் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். அப்புறம் உலர்ந்த கலவை தூவி, அதற்கு மேல் ஈரக் கலவை போட்டு, தொட்டித் தண்ணீரில் ஊறப் போட்டு எடுத்தால் கண்ணாடி பிரிந்து முகம் பளபளவென்று வரும். கையால் செய்வதுதான், ஒரு கல் மாதிரி இன்னொரு கல் அச்சு அசலாக இருக்காது. ஆனாலும் நாங்கள் நினைப்பது ஒரு கல்லை இல்லை, நானூறு கல் சேர்ந்த தரையை. திரும்பத் திரும்ப வருவதுதான் அதன் அழகு. நீங்கள் வரைவது ஒரே ஒரு தடவை நடப்பது. இரண்டையும் சொந்தம் என்று சொல்லிப் பக்கத்தில் வைத்தால் தரைதான் ஜெயிக்கும், நான் பார்த்திருக்கிறேன். பூக்கல் தரை போட்ட ஒரு ஹாலில் பலநிறப் படம் ஒன்றை மாட்டியிருந்தார்கள், வந்தவர்கள் எல்லோரும் குனிந்து கீழே செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

கறுப்பு வெள்ளைச் சலவைக்கல் போட்ட இடமோ, சிவப்புச் சிமெண்ட் தரையோ அந்த வீட்டில் இருக்கும், பெரும்பாலும் முதல் முற்றத்துக்குப் பின்னால் வரும் இரண்டாங்கட்டில். அங்கே வையுங்கள்.

பள்ளத்தூர்க்காரன்:

மனசில் பட்டதைச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு அரூப ஓவியம் புரியாது. ஆனால் லட்சுமி படத்தில் பச்சை நூல் மாறியதைப் பற்றி நீங்கள் எழுதினீர்களே, அதைப் படித்ததும் உங்கள் படத்தைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. இவ்வளவு கூர்ந்து பார்க்கிறவர் வரைந்ததில் ஏதோ இருக்கத்தான் வேண்டும்.

எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள் வருவார்கள் என்றால் ஒரு வேண்டுகோள். படத்துக்குப் பக்கத்தில் ‘தேடல் 3’, ‘உள்முகம்’ என்று பெயர் எழுதி ஒட்டாதீர்கள். அதைப் பார்த்ததும் நமக்குத் தெரியாத ஏதோ இருக்கிறது என்று என்னைப் போன்றவர்கள் ஒதுங்கிவிடுவோம். எந்த வருஷம், என்ன வண்ணம், எத்தனை நாள் எடுத்தது என்று எழுதுங்கள். நீங்களும் அங்கேயே திண்ணையில் உட்கார்ந்திருங்கள், கேட்க ஆள் இருந்தால் கேட்போம்.

பழைய மாணவன்:

சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவன். இந்தக் கேள்வி உலகத்தில் பல வீடுகளில் வந்த கேள்விதான், இரண்டு இடங்களைச் சொல்கிறேன்.

பிலடெல்பியாவில் ஆல்பர்ட் பார்ன்ஸ் என்று ஒருவர். செசான், ரெனுவார் படங்களை வாங்கி, அவற்றைச் சுற்றிக் கதவுக் கீல், பூட்டுத் தகடு போன்ற பழைய இரும்புச் சாமான்களையும் அதே சுவரில் மாட்டினார். பக்கத்தில் விவரச் சீட்டுக் கிடையாது. கீலின் வளைவும் படத்தில் உள்ள வளைவும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். வாஷிங்டனில் டங்கன் பிலிப்ஸ் 1921ல் தன் குடும்ப வீட்டையே மக்களுக்குத் திறந்துவிட்டவர், அவர் வேறு மாதிரி. அரூப ஓவியர் ரோத்கோவின் படங்களுக்கென்று 1960ல் ஒரு சின்ன அறையை ஒதுக்கினார், அதில் வேறு யார் படமும் இல்லை. இரண்டுமே தனியார் சேகரிப்புகள்தான்.

உங்களுக்கு இரண்டுமே வேண்டும் என்று நினைக்கிறேன். வீட்டுப் பொருளோடு சேர்ந்து நிற்க இரண்டு மூன்று படங்கள் போதும், மீதி தனியாக ஓர் இடத்தில். சேர்த்து வைப்பதையும் நிறம் ஒத்துப்போகிறது என்பதற்காகச் செய்யாதீர்கள், அந்த விடுதிக்காரர்கள் செய்தது அதுதான். செய்த விதம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அரக்குப் பாத்திரத்தில் ஒரு பூச்சு காய்ந்த பிறகு அடுத்த பூச்சு, அப்படியே அடுக்கடுக்காக ஏறியிருக்கும். நீங்களும் அடுக்காக வண்ணம் ஏற்றுபவர் என்றால் அந்தப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் உங்கள் படம் விருந்தாளி மாதிரி நிற்காது.

அப்புறம், அரூபம் நம் ஊருக்கு வெளியே இருந்து வந்தது என்ற கூச்சம் தேவையில்லை. சென்னை ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1963லிருந்து வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைப் பாருங்கள், படிக்க முடியாத எழுத்தும் ஜாதகக் கட்டம் மாதிரியான கோடுகளுமாக இருக்கும். ஜாதக ஓலையும் கணக்கு ஓலையும் பெட்டகத்தில் வைத்திருந்த வீட்டில் இதை அந்நியம் என்று யார் சொல்ல முடியும்? ஓவியர் ஆதிமூலம் துறையூர்ப் பக்கம் கீராம்பூர்க்காரர். காந்தியைக் கோட்டோவியங்களாக வரைந்து தள்ளியவர், பின்னால் வெறும் வண்ணத்துக்கே வந்து சேர்ந்தார்.

உங்கள் பக்கத்துக் கோட்டையூரையே எடுத்துக்கொள்ளுங்கள். ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். அந்த வருமானத்தில் புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ் என்று வாழ்நாளெல்லாம் சேர்த்தார். 1992ல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது, சென்னையில் அது நூலகமாக இன்றும் இருக்கிறது. தூரிகை பிடித்த கையே சேர்த்தும் வைத்த ஊர் இது. அந்தப் பெரியவர் உங்களைக் கூப்பிட்டதை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

முகப்புத்திண்ணை:

ஒன்றை விட்டுவிட்டேன். எழுத்தில் ஒரு தாள் போட்டுக்கொள், உறவு கெடாமல் இருக்கத்தான். முதல் நாளே அவர் பொருள் ஒவ்வொன்றையும் படம் எடுத்து, ஏற்கெனவே இருக்கும் விரிசல், கறை எல்லாம் குறித்து இருவரும் கையெழுத்துப் போடுங்கள். விற்பனைக்கு இருப்பது உன் படம் மட்டும்தான் என்று வாசலிலேயே எழுதி வை. வெளிநாட்டுப் பயணிகள் வருவார்கள், தஞ்சாவூர்ப் படத்துக்கு விலை கேட்பார்கள். நூறு வருஷம் தாண்டிய ஓவியம், சிற்பம் எல்லாம் 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், தனியார் யாரும் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. நீ நடுவில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

வண்ணக்கிண்ணம்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று டேப்போடு போய் வந்தேன்.

அக்கா சொன்னது சரிதான், கதவுகளுக்கு நடுவே இரண்டே முக்கால் அடி. பதினான்கு படம் வைக்க நினைத்திருந்தேன், இப்போது ஒன்பது. இரண்டாங்கட்டில் சிவப்புத் தரை, தெற்குத் தாழ்வாரத்தில் ஆறு படங்கள். இரண்டு சதுரங்களும் போஜன ஹாலில் தனியாக. அரக்குப் பாத்திரம் வைத்த மாடத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒன்று. அது பதினெட்டு பூச்சு ஏற்றிய கருஞ்சிவப்பு. நேற்றுக் கையில் கொண்டுபோய் வைத்தே பார்த்தேன், பெரியவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, இதைத் தொடலாமா என்று கேட்டார். தொடச் சொன்னேன்.

லட்சுமிக்கு எதிரே எதுவும் வைக்கப் போவதில்லை. படங்களுக்குப் பெயரும் இல்லை. பங்காளிகளுக்குப் பெரியவரே போன் பேசிக்கொண்டிருக்கிறார், இரண்டு பேர் பாக்கி.

அக்கா, அந்தத் தேக்குச் சட்டத்தில் மாட்டும் பழைய பித்தளைக் கொக்கி இப்போது எங்கே கிடைக்கும்?

முகப்புத்திண்ணை:

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளில் கேள். வாங்கும் முன்பு உன் படத்தின் எடையைப் போல இரண்டு மடங்கு தொங்கவிட்டு ஓர் இரவு வைத்துப் பார். சட்டத்தின் மரத்தில் உளுப்பு இருக்கிறதா என்றும் தட்டிப் பார்த்துவிடு.