என்சைம் கலந்த தீவனம்: உங்கள் பண்ணையில் நடந்ததைச் சொல்லுங்கள்

பல்லடம் பண்ணைக்காரர்:
தானியத்தில் இருக்கிற பாஸ்பரஸைக் கோழிக்குக் கிடைக்க வைக்கிற ஃபைடேஸ் என்சைம் போடுகிறோமே என்று, டன்னுக்கு 5 கிலோ டிசிபி (எலும்புக்குக் கால்சியமும் பாஸ்பரஸும் தருகிற உப்பு) குறைத்தோம். எல்லோரும் போடுகிற கணக்குதான். மேஷ் (தூள்) தீவனத்தில் அதுவரை ஒரு குறையும் இல்லை. போன பேட்ச் குஞ்சுகளுக்கு அதே ஃபார்முலாவை ஒரு மில்லில் கொடுத்து பெல்லட்டாக (நீராவியில் சூடாக்கி அழுத்திய குச்சித் தீவனமாக) அடித்து வாங்கினேன். 16ஆம் நாள் காலை ஷெட்டுக்குள் போனால், விலகி ஓட வேண்டிய குஞ்சுகள் நகரவில்லை. சில குஞ்சுகள் உட்கார்ந்தபடியே றெக்கையை ஊன்றித் தீவனத் தட்டுக்கு நகர்ந்தன. ஒன்றைத் தூக்கி அலகை அழுத்தினேன், ரப்பர் மாதிரி வளைந்தது. செத்த குஞ்சின் கால் எலும்பை ஒடித்துப் பார்த்தேன். டக்கென்று ஒடிய வேண்டியது, பச்சைக் குச்சி மாதிரி மடங்கியது. அது இன்னும் என் விரலை விட்டுப் போகவில்லை. பெல்லட் அடிக்கிற 85 டிகிரி நீராவிச் சூட்டில் என்சைம் செத்துப்போயிருக்கும் என்றார் டாக்டர்.

உடுமலை பிராய்லர்:
எனக்கு நேர்ந்தது வேறு. மக்காச்சோளம் விலை ஏறியபோது கோதுமை சேர்த்தேன். எச்சம் பசை மாதிரி ஆகி, தரையில் போட்ட தேங்காய் மஞ்சி கட்டி தட்டிவிட்டது. செருப்பைத் தூக்கினால் மஞ்சியும் சேர்ந்து வரும். கண்ணெரிச்சல் வேறு. கோழிகளின் பாதத்தில் கறுப்புக் கறுப்பாகப் புண். அடுத்த லோடில், கோதுமையின் பிசுபிசுப்பு நாரை உடைக்கிற சைலனேஸ் என்சைம் போட்டேன். ஒரு வாரத்தில் எச்சம் கெட்டிப்பட்டது என்று முதலில் சொன்னது மஞ்சி கிளறுகிற அம்மாதான்.

நாமக்கல் வாசகர்:
உடுமலை அண்ணா, ஈரத்துக்கெல்லாம் என்சைம்தான் மருந்து என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எனக்கு வெறும் மக்காச்சோளம், சோயாதான். அப்போதும் மஞ்சி நனைந்தது. மூன்று பேட்ச் என்சைமுக்குச் செலவழித்த பிறகுதான் கோழி தண்ணீர் குடிக்கிற நிப்பிள் குழாயின் உயரம் தாழ்ந்திருந்ததைப் பார்த்தேன்.

பல்லடம் அண்ணாவுக்கு: ஃபைடேஸ் மேல் கோபப்படாதீர்கள். தானியத்திலும் புண்ணாக்கிலும் இருக்கிற பாஸ்பரஸில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஃபைட்டேட்டாகக் கட்டுண்டு கிடக்கிறது; கோழிக்கு அதை உடைக்கப் போதுமான திறன் இல்லை. அந்த வேலையை ஃபைடேஸ் செய்கிறது. பெல்லட் என்றால் சூடு தாங்குகிற, மேல்பூச்சுள்ள ரகமா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் பெல்லட் ஆறிய பிறகு திரவ என்சைமைத் தெளிக்கிற மில்லாகப் பாருங்கள். அப்புறம் கலவை. கிராமுக்கு 5,000 யூனிட் வீரியம் உள்ள சரக்கு என்றால், கிலோ தீவனத்துக்கு 500 யூனிட் கணக்கில் டன்னுக்கு 100 கிராம்தான். அதை அப்படியே மிக்சரில் கொட்டினால் ஒரு மூட்டையில் நிறைய, அடுத்த மூட்டையில் ஒன்றுமே இல்லை. முதலில் 5 கிலோ மக்காச்சோள மாவில் கலந்து, பிறகு மிக்சரில் போடுங்கள். பிரித்த பாக்கெட்டைத் தகரக் கூரைக்கடியில் வைக்காதீர்கள். இத்தனையும் சரியாகும் வரை டிசிபியைக் குறைக்கவே வேண்டாம். அதில் மிச்சம் பிடிக்கிற காசு ஒரு பேட்சுக்கு ஈடாகாது.

பல்லடம் பண்ணைக்காரர்:
ஃபைடேஸ் மேல் கோபம் இல்லை, தம்பி. ஃபார்முலா தாளை மில்லில் நீட்டியபோது அந்த ஒரு கேள்வியை நான் கேட்கவில்லையே என்றுதான். இப்போது டிசிபி முழு அளவு. புதுக் குஞ்சுகளுக்கு இன்று 9ஆம் நாள். காலையில் பத்துக் குஞ்சுகளைப் பிடித்து அலகை அழுத்திப் பார்த்தேன். கெட்டியாக இருக்கிறது. நாளையும் பார்ப்பேன்.