கிறிஸ்தவச் சிந்தனை வரலாறு: மாலை வகுப்புக்கு எந்த மூல நூல்களை எடுப்பது?

மலையோரம் (கிருஷ்ணகிரி):
ஞாயிறு மாலை வகுப்பு, 12 வாரம், 90 நிமிடம். கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்று கலந்து இருபது பேர். பள்ளி ஆசிரியர்களும் உண்டு, ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்டு பார்ப்பவர்களும் உண்டு. பாடநூல் சுருக்கம் சொல்லாமல், அந்தந்தக் காலத்தில் எழுதியதையே படிக்க வைக்கணும். பட்டியல் முப்பதைத் தாண்டிவிட்டது. எதைத் தள்ளுவது? வீட்டில் படித்துவிட்டு வாருங்கள் என்றால் நடக்காது.

தகடூரான்:
டீச்சர், முப்பது வேண்டாம். பத்து போதும், மிச்ச வாரம் இழுபறிக்கு ஆகும். வகுப்பிலேயே வாய்விட்டுப் படிக்கிற அளவு என்றால் தமிழில் 600, 700 சொல். ஏ4 தாளில் முன்னும் பின்னும். ஐந்து வரிக்கு ஒரு வரி எண் ஓரத்தில் போடுங்கள். இல்லாவிட்டால் "எங்கே இருக்கு, எங்கே இருக்கு" என்றே கால் மணி போய்விடும்.

ஒருவர் எழுதியதும் அதற்கு எதிராளி எழுதியதும் கிடைத்தால் இரண்டையும் சேர்த்தே வையுங்கள். நிசேயாவில் ஆயர்கள் கூடிய சங்கம் பற்றிய வாரத்துக்கு, மகனாகிய கிறிஸ்து படைக்கப்பட்டவர் என்று போதித்த ஆரியுஸ் தன் ஆதரவாளரான நிக்கொமேதியா ஆயர் எவுசேபியுசுக்கு எழுதிய கடிதம், சின்னதுதான். கூடவே அந்தச் சங்கத்தின் 325-ஆம் ஆண்டு விசுவாச அறிக்கை. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கோயிலில் சொல்வது 381-ஆம் ஆண்டுச் சங்கத்தோடு சேர்ந்த வடிவம். 325 பாடம் தூய ஆவியின் பெயரைச் சொன்னதோடு நின்று, ஆரியுஸ் தரப்பைச் சபிக்கும் வரிகளில் முடியும். அந்த வரிகளை வெட்டினால் சங்கம் எதற்குக் கூடியது என்றே புரியாது. ஆரியுஸ் பாட்டாக எழுதிய 'தாலியா' வேண்டாம். பெரும்பகுதி அவருடைய எதிராளி ஆயர் அத்தனாசியுஸ் மறுப்பதற்காக எடுத்துக்காட்டிய துண்டுகளாகத்தான் மிஞ்சியிருக்கிறது.

லூத்தருக்கு 95 கருத்துரைகளை எடுக்காதீர்கள். பெயர்தான் பெரிது. 1517-இல் பாவமன்னிப்புச் சீட்டு பற்றி விவாதிக்க எழுதிய குறிப்புகள் அவை. விசுவாசத்தால் நீதிமானாவது பற்றி அதில் விளக்கம் கிடைக்காது. 1520-இல் வந்த 'கிறிஸ்தவனின் சுதந்திரம்' தொடக்கப் பகுதியை எடுத்து, லூத்தர் தரப்புக்குப் பதிலாகக் கத்தோலிக்கர் கூட்டிய திரெந்து சங்கத்தின் ஆறாம் அமர்வை (1547) எதிரே வையுங்கள். அதில் 16 அதிகாரங்கள், பிறகு 33 விதிகள். விதிகளை மட்டும் கொடுத்தால் சாபப் பட்டியல் மாதிரி தெரியும், கலப்பு வகுப்பில் சூடு கிளம்பும். முதலில் 7-ஆம் அதிகாரம், அப்புறம் 9-ஆம் விதி.

13-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் அக்குவினாஸை வைப்பதானால் அவருடைய இறையியல் தொகுப்பின் முதல் பாகம், 2-ஆம் கேள்வி, 3-ஆம் பிரிவு. எடுத்த எடுப்பிலேயே "கடவுள் இல்லை என்று தோன்றுகிறது" என்று வரும். அது ஆட்சேபம், அவர் கருத்தல்ல. ஆட்சேபம், மறுபக்கம், பதில், ஆட்சேபத்துக்கு மறுமொழி என்று ஓரத்தில் எழுதாமல் தாளை நீட்டினால் பாதிப் பேர் ஆட்சேபத்தைத்தான் அடிக்கோடிடுவார்கள்.

காவேரிப்பட்டினம்:
தகடூரான் வழியில் போனால் சிந்தனை வரலாறு முழுக்கச் சண்டை வரலாறாகிவிடும். மக்கள் எப்படி ஜெபித்தார்கள், எதைப் பாடினார்கள் என்பதும் சிந்தனைதானே. இரண்டாம் நூற்றாண்டுக்கு, கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தினாரின் முதல் விளக்கவுரை, அதிகாரம் 65 முதல் 67 வரை: ஞாயிறு கூடுகையில் என்ன நடக்கும் என்று படிப்படியாகச் சொல்கிறார். பக்கத்திலேயே பித்தினியாவின் ரோம ஆளுநர் பிளினி கிறிஸ்தவர்களை விசாரித்தது பற்றிப் பேரரசன் டிராஜனுக்கு எழுதிய கடிதம், அரசனின் பதிலோடு. உள்ளே இருந்தவரும் வெளியே நின்று விசாரித்தவரும். சற்று வெட்டினால் இரண்டும் ஒரே தாளில் அடங்கும்.

விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட பெர்பெத்துவாவின் (203, கார்த்தேஜ்) சிறைக் கதையை விடவே கூடாது. 3 முதல் 10 வரை உள்ள அதிகாரங்களே அவர் சிறையில் எழுதியதாக அந்நூல் சொல்வது. 11 முதல் 13 வரை உடனிருந்த சாத்துருஸ் சொன்னது, மிச்சம் தொகுத்தவர் கை. கோடு போட்டுப் பிரித்துக் காட்டுங்கள். சிரியாவின் எபிரேமும் (மறைவு 373) வேண்டும். அவர் இறையியலைப் பாட்டாகவே சொன்னவர். கீர்த்தனை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அக்குவினாஸைவிட எளிதில் பிடிபடும்.

தமிழிலேயே எழுதியதும் இரண்டு வாரமாவது இருக்கட்டும். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கம்தான், போர்த்துக்கீசிய மறைக்கல்வி நூலின் தமிழாக்கம். கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' (1894) பெரிய காப்பியம், பத்துப் பாடல் போதும். தரங்கம்பாடியில் இருந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவுக்கு 1712 முதல் 1714 வரை தமிழர்கள் எழுதிய கடிதங்களும் நல்ல பாடம். ஆனால் அவை நமக்கு வந்து சேர்ந்தது ஜெர்மன் வழியாக. அதைச் சொல்லாமல் "தமிழர் குரல்" என்று தலைப்பிடாதீர்கள்.

மலையோரம்:
பிளினியும் யுஸ்தினாரும் முதல் வாரத்துக்கு உறுதி. தமிழாக்கம் எங்கே எடுப்பது?

தகடூரான்:
நிசேயாவுக்கு முந்தைய சபைப் பிதாக்களின் (ஆரம்பகாலக் கிறிஸ்தவ ஆசிரியர்கள்) 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் தொகுதிகளுக்குக் காப்புரிமை முடிந்துவிட்டது, இணையத்தில் இலவசம். நடை பழசு, வாக்கியம் நீளம். நீங்களே தமிழாக்கி, சிக்கலான இடங்களை மட்டும் ஒரு புதிய மொழிபெயர்ப்போடு ஒப்பிடுங்கள். பக்க எண் வேண்டாம், அதிகார எண் குறியுங்கள். பதிப்பு மாறினாலும் தேடலாம். வெட்டிய இடத்தில் மூன்று புள்ளி கட்டாயம். ஞானஸ்நானம், திருமுழுக்கு இரண்டில் ஒன்றைப் பாடத்துக்குள் வைத்து மற்றதை ஓரத்தில் போடுங்கள். தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து, வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் வந்தால் 450 சொல்லோடு நிறுத்துங்கள்.

தாளின் தலைப்பில் ஐந்து வரி: யார், எப்போது, யாருக்கு, என்ன வகை எழுத்து, எப்படி நம் கைக்கு வந்தது. "இதில் அவர் சொல்வது என்னவென்றால்" என்று ஆறாவது வரி எழுதிவிடாதீர்கள், அதற்கப்புறம் யாரும் மூலத்தைப் படிக்க மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் அகுஸ்தீனார் பொன்மொழிகளோடு யாராவது வருவார்கள். நூல் பெயரும் அதிகார எண்ணும் இருந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.