நினைவு நாளில் பெயர்களையும் படிப்போம்

உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

நவம்பர் கூட்டத்தில் போரில் இறந்த வீரர்களுக்காக இரண்டு நிமிட மௌனம் இருக்கலாம் என்று பெரியவர்கள் சொன்னது நல்ல யோசனை. அதோடு, நம் ஊர்ப் பக்கத்து ஆட்களின் பெயர்களைத் தேடி எடுத்து எல்லோர் முன்னாலும் உரக்கப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏனென்றால் நம்மவர்கள் விஷயத்தில் பல இடங்களில் விட்டுப்போனது பெயர்தான்.

முதல் உலகப் போரில் இந்தியப் படையினர் சுமார் 74,000 பேரும் இரண்டாம் போரில் சுமார் 87,000 பேரும் இறந்தார்கள். பதவி, இனம், மதம் பார்க்காமல் இறந்த ஒவ்வொருவர் பெயரையும் பொறிக்க வேண்டும் என்பது 1917இல் தொடங்கிய பிரிட்டிஷ் பேரரசின் போர்க் கல்லறை ஆணையத்தின் (இப்போது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம், CWGC) கொள்கை. பிரான்சில் நவ் ஷப்பெல்லில் அப்படியே செய்தார்கள், கல்லறை தெரியாத 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் அங்கே சுவரில் இருக்கின்றன. ஈராக்கில் பஸ்ராவிலோ அதிகாரிகளுக்குத்தான் பெயர், சாதாரண இந்தியச் சிப்பாய்கள் படைப்பிரிவு வாரியாக வெறும் எண்ணிக்கை. ஒரே போர், ஒரே ஆணையம்! படிக்கும்போது வயிறு எரிகிறது. இந்தியரும் ஆப்பிரிக்கருமாக 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்று 2021இல் அந்த ஆணையமே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

இங்கிலாந்தில் இருப்பவர்கள் பிரைட்டன் பக்கம் குன்றின் மேல் இருக்கும் சத்ரி என்ற நினைவு மண்டபத்துக்குப் போய் வாருங்கள். காயப்பட்டு அங்கே மருத்துவமனைகளில் இறந்த இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேரைத் தகனம் செய்த இடம். மண்டபம் திறந்தது 1921இல், அவர்கள் பெயர்கள் கல்லில் ஏறியது 2010இல்! ஆண்டுதோறும் ஜூன் மாதம் நினைவு நிகழ்ச்சி நடக்கிறது, பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம்.

சிங்கப்பூர்க்காரர்களுக்குக் கிராஞ்சி போர்க் கல்லறைத் தோட்டம் பக்கம்தான். வரிசையாக நிற்கும் கற்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், இந்து வீரர்கள் பலரைத் தகனம் செய்ததால் அவர்களுக்குத் தனிக் கல் கிடையாது. பின்பக்கம் தகன நினைவுச் சின்னம் ஒன்று இருக்கிறது, அதில் கிட்டத்தட்ட 800 பேர், பெரும்பாலும் இந்தியப் படையினர். நாகாலாந்தின் கொஹிமாவிலும் இதேபோல் 917 இந்து, சீக்கிய வீரர்களுக்குத் தனி நினைவுச் சின்னம் உண்டு.

வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவர்களை ஏன் கொண்டாட வேண்டும் என்று தம்பிகள் சிலர் கேட்பார்கள், நியாயமான கேள்விதான். அவர்களில் பலர் பிழைப்புக்காகச் சேர்ந்தவர்கள், வீட்டுக்கு மணியார்டர் அனுப்பியவர்கள். அந்தப் பக்கம், பிரிட்டிஷாரை எதிர்த்துப் போரிட்ட நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) மலாயாத் தோட்டத் தமிழர்கள் ஏராளமாகச் சேர்ந்தார்கள். அந்தப் படையில் இறந்தவர்களுக்காக 1945இல் சிங்கப்பூர் எஸ்பிளனேடில் நேதாஜி அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷார் அதே ஆண்டு இடித்துத் தள்ளினார்கள். 1995இல்தான் அந்த இடத்தில் ஓர் அடையாளப் பலகை வந்தது. இரண்டு பக்கமும் செத்தது நம் ஆட்கள், இரண்டு பக்கத்தையும் ஒரே மூச்சில் நினைவுகூர எனக்குத் தயக்கமே இல்லை.

சரி, எப்படித் தேடுவது? ஆணையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். இரண்டாம் போரில் இறந்தவர்கள் பலருக்குத் தகப்பனார் பெயர், மனைவி பெயர், ஊர், மாவட்டம் வரை பதிந்திருக்கிறார்கள். ஊர்ப் பெயரெல்லாம் அந்தக் கால எழுத்துக்கூட்டலில் இருக்கும், Trichinopoly, Tanjore, Tinnevelly, Ramnad என்று ஆங்கிலத்தில் போட்டுப் பாருங்கள். கல்லறைத் தோட்டத்துக்கு நேரில் போனால் பெரும்பாலும் நுழைவாயில் பக்கத்தில் சின்னக் கதவு போட்ட பெட்டியில் பதிவேடு இருக்கும், அதைப் படம் எடுத்து அனுப்புங்கள். கிடைக்கிற பெயர்களை ஒரே பட்டியலாக்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். ஊரில் பெரியவர்களிடம் பேசும்போது பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவர்கள் யார் என்றும் கேட்டு எழுதுங்கள், அதிகாரி சிப்பாய் என்ற வரிசை இல்லாமல் அகர வரிசையில் படிப்போம்.