டிகிரி மைனருக்கு (துணைப்பாடத்துக்கு) சுவாஹிலியா, யொரூபாவா?

கேள்வி: மைனருக்கு ஆப்பிரிக்க மொழி ஒண்ணு எடுக்கணும். இந்த ரெண்டுதான் இருக்கு. எது சுலபம்?

பதில் 1: சுவாஹிலி. ரோமன் எழுத்து, எழுதினபடியே வாசிக்கலாம், தொனி கிடையாது. யொரூபாவில் மூணு தொனி. 'ஒகொ' தொனியைப் பொறுத்து கணவன், மண்வெட்டி, வண்டி!

பதில் 2: சுவாஹிலி சுலபம்னு நம்பி இறங்காதீங்க. பெயர்ச்சொல் வகுப்புலதான் (பெயர்ச்சொற்களை வகை வகையா பிரிக்கிற முறை) எல்லாரும் சறுக்குறாங்க. 'கிட்டாபு கிசூரி' நல்ல புத்தகம்; பன்மையில் 'விட்டாபு விசூரி', வினையும் கூடவே மாறும். 'கிஃபாரு' (காண்டாமிருகம்) 'கி'யில் ஆரம்பிச்சாலும் விலங்காச்சே, அதுக்கு வேற வகுப்போட முன்னொட்டு; பெரியதுன்னா 'கிஃபாரு கிகுப்வா' இல்ல, 'கிஃபாரு ம்குப்வா'தான். ஒவ்வொரு சொல்லையும் ஒருமை, பன்மை, ஒரு பெயரடையோட மனப்பாடம் பண்ணுங்க.

பதில் 3: சுவாஹிலியில் நேரம் சொல்றதும் கவனம். 'சா மோஜா'ன்னா சொல்லுக்குச் சொல் ஒரு மணி, கடிகாரத்தில் 7; ஆறு மணியில் இருந்து எண்ணுவாங்க. இலக்கியத்துக்காகன்னா இன்னொண்ணு: கென்ய எழுத்தாளர் ங்கூகி வா தியோங்கோவோட பிற்கால நாவல்கள் கிகூயு மொழியில். மூலத்தில் படிக்க சுவாஹிலி உதவாது.