ஆச்சி வீடு குரூப்: சனிக்கிழமை மொட்டமாடிப் படம்

செந்தில் அத்தான்: சனிக்கிழமை ராத்திரி என்ன படம்னு இன்னிக்கே முடிவு பண்ணுங்க. 7.30க்குப் போட்டா 9.30க்கு முடிஞ்சிரணும். மறுநாள் ஹோமம் 5 மணிக்கு.

நிலா: உலகம் அழிஞ்ச பிறகு நடக்குற படம்னு ஓட்டுப் போட்டாச்சே

கோமதி சித்தி: யாரு போட்டா

நிலா: 9 பேரு

கோமதி சித்தி: ஒம்போதும் பொடிசுக

ஆச்சி: (குரல் பதிவு 0:21)

செல்வி மதினி: ஆச்சி என்ன சொல்லுதாக? இங்க மிக்ஸி ஓடுது

நிலா: அறுபதாம் கல்யாணத்துக்கு முந்தின நாள் உலகம் அழியுற படமா, வெளங்குமான்னு கேக்காக

ராசு மாமா: அழியுற படம் வேற, அழிஞ்ச பிறகு வர்ற படம் வேற. விண்கல்லு, வெள்ளம்லாம் முதல் வகை. நாம பேசுதது மிச்சம் இருக்கவன் எதத் தின்னு பொழைக்கான்ங்கிற கதை. இதுல அழிஞ்சு எத்தனை நாளாச்சுன்னுதான் முதல்ல பாக்கணும். '28 டேஸ் லேட்டர்' (2002) வெறும் 28 நாள். கடையில சாமான் அடுக்குனபடி இருக்கும், காரும் ஓடும். 'தி ரோடு' (2009)ல வருஷக்கணக்கு ஆகிப்போச்சு. டப்பா சாப்பாடு கிடைச்சா தீபாவளி, வண்டின்னா கடையில சாமான் தள்ளுற தள்ளுவண்டிதான். ஏன் அழிஞ்சதுன்னே சொல்ல மாட்டான். அதையும் தாண்டிட்டா பெட்ரோல் பிரச்சினை. சும்மா வெச்சிருந்தா பெட்ரோல் ஒரு வருஷம் தாங்குறதே கஷ்டம். லேசான பாகம் ஆவியாயிரும், மிச்சம் பிசினாட்டம் கார்புரேட்டர அடைச்சுக்கும். 'மேட் மேக்ஸ் 2' (1981)ல சண்டையே எண்ணெய் எடுத்துச் சுத்திகரிக்கிற இடத்துக்கு நடக்குறது அதான். அதே வரிசையில வந்த 'ஃப்யூரி ரோடு' (2015)ல பெட்ரோலுக்குன்னே கேஸ் டவுன்னு தனி ஊரே வெச்சிருக்கான். கணக்குத் தெரிஞ்சவன் எடுத்த படம்.

பாலு: மாமா, மூச்சு விட்டுக்கோங்க

கோமதி சித்தி: பெட்ரோல்னதும் ஞாபகம் வருது. அம்பாசமுத்திரத்துக்கு வேன் யாரு சொல்லிருக்கா

செந்தில் அத்தான்: பாலு

பாலு: நான் கார்தான் சொன்னேன்

கோமதி சித்தி: 14 பேருக்குக் காரா?

நிலா: படம்!! 'எ கொயட் பிளேஸ்' (2018) போடுவோம். ஒன்றரை மணி நேரம்தான்

ராசு மாமா: சத்தம் கேட்டா வந்து கொல்லுற ஜந்து. படமே அமைதியை வெச்சுத்தான் பயம் காட்டுது. மைக் செட்காரன் சாயங்காலமே குழாய் கட்டிருவான். கொட்டுச் சத்தத்துல அந்தப் படம் என்னத்துக்கு ஆகும்? பாதிப் பேச்சு சைகை வேற. சப்டைட்டில் தெரியலைன்னா ஒண்ணும் புரியாது.

பாலு: 'ஸ்னோபியர்சர்'?

நிலா: வேண்டாம். ரயில்ல கடைசிப் பெட்டிக்காரங்களுக்குக் குடுக்குற கறுப்பு ஜெல்லி எதுல செஞ்சதுன்னு தெரிஞ்சா காலைல கேசரி எறங்காது

செல்வி மதினி: தமிழ்ல ஒண்ணுமே இல்லையா

நிலா: 'மிருதன்' (2016) இருக்கு. ஊட்டில ஜாம்பி

ராசு மாமா: அது அழிய ஆரம்பிக்கையிலயே நடக்குற கதை. 'கல்கி 2898 ஏடி' (2024) இந்த வகைதான், காசி கடைசி ஊரா மிஞ்சி நிக்கும். ஆனா மூணு மணி நேரம். ஹோமத்துக்கு யாரு எந்திரிப்பா?

செந்தில் அத்தான்: ஒரு விஷயம். மாடிக் கைப்பிடிச் சுவர் முழுக்க சீரியல் லைட்டு கட்டியாச்சு. பெரியப்பா அணைக்க விடமாட்டாரு.

ராசு மாமா: அப்ப 'தி ரோடு' போச்சு. முழுக்கச் சாம்பல் நிறம், வேட்டித் திரையில வெறும் வேட்டிதான் தெரியும். '28 டேஸ்'உம் சரிப்படாது. கேனன் எக்ஸ்எல்1னு சின்ன வீடியோ கேமராவுல எடுத்தது. லண்டன்ல வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துல விடிகாலை ரோட்டைக் கொஞ்ச நேரம்தான் மறிக்க முடியும். சட்டுனு பல கேமரா வைக்க அதான் வசதி. பெருசாப் போட்டா பொரி பொரியாத் தெரியும். ப்ரொஜெக்டர் கெட்டுப்போச்சுன்னு செந்திலத்தான் வைவாங்க, போன தீபாவளி மாதிரி.

பாலு: தீபாவளிக்கு பல்பு போனது யாரு வயர மிதிச்சதால

கோமதி சித்தி: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

செல்வி மதினி: நான் படிச்சிட்டேன் சித்தி

நிலா: அப்ப ஃப்யூரி ரோடுதான். நமீபியா பாலைவனம், பளிச்சுன்னு இருக்கும். ராத்திரிக் காட்சியையே பகல்ல எடுத்து நீலமா மாத்தினது. பாக்க வேண்டியதை நட்ட நடுவுல வெச்சிருப்பாங்க, வேட்டி ஓரம் காத்துல ஆடினாலும் பரவால்ல. சரியா 2 மணி நேரம்

செல்வி மதினி: கதை?

நிலா: வில்லனோட அஞ்சு பொண்டாட்டியும் தப்பிச்சு ஓடுறாங்க

பாலு: அறுபதாம் கல்யாணத்துக்குப் பொருத்தமா இருக்கு

கோமதி சித்தி: பெரியப்பாவும் இந்த குரூப்லதான் இருக்காரு

ராசு மாமா: அடிதடியும் ஜாஸ்தி, சின்னதுகளுக்கு ஆகாது. 'வால்-ஈ' (2008) போடுங்க. சனங்க கிளம்பிப் போயி 700 வருஷம், குப்பை அள்ளுற மெஷின் ஒண்ணும் கரப்பான் ஒண்ணும்தான் மிச்சம். சண்டை சவம் கிடையாது. உலகம் அழிஞ்சதுல சைவம் அதான். முதல் அரை மணி நேரம் பேச்சு ரொம்பக் கம்மிங்கிறதால ஆச்சிக்கும் புரியும். ஆனா அதுலயும் ஆரம்பம் பூராத் தூசி நிறம். வேட்டிக்கு நேரா இருக்க லைட்டையாவது கழத்தணும்.

நிலா: பெரியவங்களுக்கு அப்புறமா ஃப்யூரி ரோடு?

செந்தில் அத்தான்: 9.30ன்னு சொன்னேன்

பெரியப்பா: லைட்டுல யாரும் கை வைக்கக் கூடாது

செந்தில் அத்தான்: சரி, ரெண்டையும் பென்டிரைவுல போட்டு வைக்கேன். வேட்டிக்குக் கீழ்ப்பக்கம் கட்ட மூங்கில் கம்பு ஒண்ணு வேணும்

கோமதி சித்தி: அந்த வேன்?

ஆச்சி: (குரல் பதிவு 0:48)