வழக்குக்கு அஞ்சிப் பாடல் பகிர்வதை மக்கள் நிறுத்தினார்களா?

சுரக்கோவை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பயனர்கள் தமக்குள் இணையம் வழியே பாடல்களைப் பரிமாறிக்கொள்ள உதவிய நாப்ஸ்டர் சேவை 2001 ஜூலையில் நீதிமன்ற ஆணையால் முடங்கிய பிறகும் கசா, கிரோக்ஸ்டர் போன்ற மென்பொருள்கள் வழியே பாடல் பரிமாற்றம் நிற்கவில்லை. அதனால் ஆர்.ஐ.ஏ.ஏ. எனப்படும் அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கம், மென்பொருள் நடத்துபவர்களோடு நில்லாமல், அதைப் பயன்படுத்தும் தனிமனிதர்கள் மீதும் வழக்குத் தொடுக்கப் போவதாக 2003 ஜூனில் அறிவித்தது. அவ்வாறே செப்டம்பர் 8ஆம் நாள் 261 பேர் மீது வழக்குத் தொடுத்தது.

அமெரிக்க மக்களின் பழக்கங்களையும் கருத்துகளையும் ஆராயும் பியூ ஆய்வு மையத்தின் கணக்கெடுப்பு, பாடல் பதிவிறக்கும் அமெரிக்க இணையப் பயனர்களின் பங்கு 2003 வசந்த காலத்தில் 29 விழுக்காடாக இருந்து, அவ்வாண்டு இறுதியில் 14 விழுக்காடாகக் குறைந்துவிட்டதாகச் சொல்கிறது. இதை வைத்து 'மிரட்டல் பலித்தது' என்று என் ஆய்வேட்டில் எழுதலாமா? அச்சம் உண்மையிலேயே பழக்கத்தை மாற்றியதா, அல்லது பழக்கத்தை மறைக்க மட்டும் கற்றுக்கொடுத்ததா என்பதைப் பிரித்துக் காட்டும் சான்றுகள் உண்டா என அறிய விரும்புகிறேன்.

வலைப்போக்கு எழுதியது:

அந்த இரண்டு எண்களை மட்டும் நம்பி முடிவுக்கு வராதீர்கள். பியூ மையம் தொலைபேசியில் அழைத்து, பாடல் பதிவிறக்குகிறீர்களா என்று கேட்டது. வழக்குச் செய்திகள் நாளிதழ்களின் முதல் பக்கத்தில் வந்துகொண்டிருந்த வேளையில், முன்பின் தெரியாத ஒருவர் அழைத்து இதைக் கேட்டால், தொடர்ந்து பதிவிறக்குபவர்கூட இல்லை என்றுதான் சொல்லியிருப்பார். ஆகவே அந்தச் சரிவில் எவ்வளவு பங்கு பழக்கத்தின் மாற்றம், எவ்வளவு பங்கு பதிலின் மாற்றம் என்பதை அந்தக் கணக்கெடுப்பு மட்டும் சொல்லிவிடாது.

வலையில் ஓடும் போக்குவரத்தை நேரடியாக அளந்தவர்களுக்குக் கிடைத்த சித்திரம் வேறு. கராஜியானிஸ், கேசி கிளாஃபி முதலானோர் 2004இல் வெளியிட்ட ஆய்வின்படி, பகிர்வு மென்பொருள்கள் தமக்கென வழக்கமாக வைத்திருந்த போர்ட் எண்களை (எந்த மென்பொருளுக்கான தரவு என்று கணினி அடையாளம் காண உதவும் வாயில் எண்களை) கைவிட்டு வேறு எண்களுக்கு மாறிக்கொண்டிருந்தன. பழைய எண்களை மட்டும் பார்த்து அளந்தவர்களுக்குப் பகிர்வு குறைந்ததுபோல் தோன்றியது. வலையில் சிறு துண்டுகளாகச் செல்லும் தரவுப் பொட்டலங்களின் உள்ளடக்கத்தையும் சேர்த்துப் பார்த்தபோது அப்படிக் குறைந்ததற்கான அடையாளம் இல்லை.

உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானது, பட்டாச்சார்ஜி, கோபால், லெர்ட்வச்சாரா, மார்ஸ்டன் ஆகிய நால்வரும் 2006இல் சட்டமும் பொருளியலும் சார்ந்த ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்ட ஆய்வு. அவர்கள் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பயனர்கள் தம் கணினியிலுள்ள எத்தனை பாடல்களைப் பிறர் எடுத்துக்கொள்ளும்படி திறந்து வைத்திருக்கிறார்கள் என்பதைத் தொடர்ந்து கண்காணித்தார்கள். பகிர்வின் அளவு குறையத்தான் செய்தது. ஏராளமாகப் பகிர்ந்தவர்களும் சிறிதளவே பகிர்ந்தவர்களும் மிரட்டலை ஒரே விதமாக எதிர்கொள்ளவில்லை என்பதும் தெரியவந்தது. ஆனால் அத்தனை குறைவுக்குப் பிறகும் அந்த வலைகளில் கிடைத்த பாடல்களின் அளவு கணிசமாகவே இருந்தது.

இதில் வியப்பில்லை. ஒரு பாடல் கிடைக்காமல் போக வேண்டுமானால் அதை வைத்திருக்கும் ஏறத்தாழ எல்லோரும் விலகியாக வேண்டும். சிலர் எஞ்சினாலும் தேடுபவருக்குப் பாடல் கிடைத்துவிடும். மேலும், வழக்குகள் குறிவைத்தது பிறருக்குத் திறந்து வைத்தவர்களை, ஏனெனில் வெளியிலிருந்து எளிதில் காண முடிந்தது அதைத்தான். கசாவில் பகிர்வு அமைப்பை மட்டும் அணைத்துவிட்டுப் பதிவிறக்கத்தை வழக்கம்போலத் தொடர முடிந்தது. ஆகவே 'பழக்கம்' என்று நீங்கள் எதைக் குறிக்கிறீர்கள் என்பதை முதலிலேயே வரையறுத்துவிடுங்கள்.

நீதிமேடை எழுதியது:

முந்தைய பதிலோடு உடன்படுகிறேன். சட்டத்தின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்க வேண்டும். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒவ்வொரு படைப்புக்கும் 750 டாலர் முதல் 30,000 டாலர் வரையும், வேண்டுமென்றே செய்த மீறல் என்றால் 1,50,000 டாலர் வரையும் இழப்பீடு விதிக்கலாம். வணிக நோக்கில் திருட்டுப் பிரதி எடுப்பவர்களுக்குப் பொருந்தக்கூடிய இந்த அளவுகோலை வீட்டில் உட்கார்ந்து பாடல் பகிர்ந்தவர்கள் மீதும் வைத்தார்கள். முதல் 261 பேரில் நியூயார்க்கைச் சேர்ந்த 12 வயதுச் சிறுமியும் இருந்தாள். அவளுடைய தாய் 2,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார். மினசோட்டாவில் 24 பாடல்களுக்காக ஒரு பெண்ணுக்கு 2007இல் 2,22,000 டாலர் இழப்பீடு விதிக்கப்பட்டது. மறுவிசாரணையில் நடுவர் குழு அதை 19,20,000 டாலராக உயர்த்தியது.

இவ்வளவு பெரிய தொகையைக் கேட்டவுடன் அஞ்சி நடுங்கியிருப்பார்கள் என்று நினைப்போம். என் கருத்தில், ஒருவரைத் தடுப்பது தண்டனையின் அளவைவிட அது தன்னை வந்தடையும் என்ற எதிர்பார்ப்பே. 2008 டிசம்பரில் இனிப் பெருந்திரளாக வழக்குத் தொடுப்பதில்லை என்று சங்கம் அறிவிக்கும் வரையிலான ஐந்தாண்டுகளில் நடவடிக்கைக்கு உள்ளானவர்கள் ஏறத்தாழ 35,000 பேர். பகிர்ந்தவர்களோ பல கோடிப் பேர். யார் மாட்டுவார்கள் என்பது குலுக்கல் சீட்டுப் போல ஆகிவிட்டபோது, மாட்டிக்கொண்டவர் மீது மக்களுக்கு இரக்கம் வந்ததே தவிர, சட்டத்தின் மீது மதிப்பு வரவில்லை. பாடகர்களும் இசைக்கலைஞர்களும் தம் உழைப்புக்கு ஊதியம் பெற வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அந்த நியாயத்தை ஒரு சிறுமியின் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது கலைஞர்களுக்கே செய்த தீங்கு என்று கருதுகிறேன்.

வழக்கு நடைமுறையும் சங்கத்துக்கு எளிதாக இல்லை. முதலில், வழக்குப் பதிவு செய்யாமலேயே இணையச் சேவை நிறுவனங்களிடம் அழைப்பாணை காட்டிப் பயனரின் பெயரைப் பெற்றுவந்தார்கள். வெரைசன் நிறுவனம் எதிர்த்து வாதிட்டதன் பேரில், 2003 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு இடமில்லை என்றது. அதற்குப் பிறகு பெயர் தெரியாத எதிர்வாதிகள் மீது வழக்குத் தொடுத்து, நீதிபதியின் அனுமதி பெற்றே பெயரை அறிய முடிந்தது.

வடமுனை எழுதியது:

மிரட்டல் சிறிது காலமாவது பலிக்கும் என்பதற்கு ஸ்வீடன் நல்ல எடுத்துக்காட்டு. ஐ.பி. முகவரிக்கு (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணுக்கு) உரியவரின் பெயரை நீதிமன்றம் வழியே பதிப்புரிமையாளர்கள் பெற வழிசெய்த சட்டம் அங்கே 2009 ஏப்ரல் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஒரு வழக்குகூட முடிவதற்குள்ளாகவே இணையப் போக்குவரத்து சரிந்தது. அட்ரியன் அடர்மன், சே-யுவான் லியாங் ஆகியோர் நார்வேயையும் பின்லாந்தையும் ஒப்பீட்டுக்கு வைத்துக் கணக்கிட்டு, முதல் ஆறு மாதங்களில் போக்குவரத்து 16 விழுக்காடு குறைந்ததாகவும் இசை விற்பனை 36 விழுக்காடு கூடியதாகவும் கண்டனர். இணையத்தில் சட்டப்படி பாடல் கேட்க உதவும் ஸ்பாட்டிஃபை சேவை 2008 அக்டோபரில் அந்த அண்டை நாடுகளிலும் அறிமுகமாகிவிட்டதால், இந்த மாற்றத்தை அதன் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது.

ஆறு மாதத்துக்குப் பிறகு அந்த விளைவு மறைந்துவிட்டது. இச்சட்டத்தின் கீழ் ஒலிநூல் பதிப்பாளர்கள் கொண்டுவந்த வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், அங்கே தீர்ப்பு வந்தபோது 2012 ஏப்ரல் ஆகிவிட்டது. சட்டம் உடனடியாகப் பாயவில்லை என்பதைக் கண்கூடாகப் பார்த்த மக்களுக்கு அச்சம் தெளிந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

சுரக்கோவை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. திறந்து வைப்பதையும் பதிவிறக்குவதையும் தனித்தனி அத்தியாயங்களாகப் பிரிக்கப் போகிறேன். ஸ்வீடனைப் போல, அமெரிக்காவிலும் விலைக்குப் பாடல் விற்கும் சேவைகளின் தாக்கத்தை வழக்குகளின் தாக்கத்திலிருந்து பிரித்தெடுக்க இயலுமா?

வலைப்போக்கு எழுதியது:

அமெரிக்காவில் அது கடினம். ஆப்பிள் நிறுவனம் 99 சென்ட்டுக்கு ஒரு பாடல் என்று ஐடியூன்ஸ் கடையைத் திறந்தது 2003 ஏப்ரல் 28ஆம் நாள், அதாவது சங்கத்தின் அறிவிப்புக்கு இரண்டே மாதம் முன்பு. தொடக்கத்தில் மேக் கணினி வைத்திருந்தவர்கள் மட்டுமே வாங்க முடிந்தது. பெரும்பாலோர் பயன்படுத்திய விண்டோஸுக்கு அது அக்டோபரில்தான் வந்தது. பியூ மையத்தின் 14 விழுக்காட்டு அளவீடு நவம்பரிலும் டிசம்பரிலும் எடுக்கப்பட்டது. 2004 தொடக்கத்தில் அந்த எண் 18 விழுக்காடாக ஏறியது; அதில் காசு கொடுத்துப் பதிவிறக்கியவர்களும் கலந்திருக்க வாய்ப்புண்டு. வழக்கும் கடையும் ஒரே ஆண்டில் வந்துவிட்டதால், அமெரிக்க எண்களைக் கால வரிசையில் மட்டும் கொடுத்துவிட்டு, காரணத்தைப் பற்றிய வாதத்தை ஸ்வீடன் தரவின் மீது வைப்பதே உங்கள் ஆய்வேட்டுக்குப் பாதுகாப்பானது.