டெவலப்பரில் ரெசிஸ்ட் நிற்கவில்லை, நாளை காலை ஸ்லாட் - அவசரம்

புதுவேஃபர்:
இரண்டு நாள் பயிற்சி முடிந்து, கிளீன்ரூமில் (சிப் செய்யும் தூசியில்லா அறை) தனியாக வேலை செய்ய அனுமதி கிடைத்த முதல் வாரம். வேஃபரில் பூசி ஒளி காட்டிய ரெசிஸ்ட் படலத்தில் ஒளி பட்ட இடம் மட்டும்தான் கரைய வேண்டும்; டெவலப்பர் கரைசலில் போட்டதும் முழுவதும் போய்விடுகிறது. மூன்று வேஃபர் காலி. பயிற்சியில் சொன்ன அதே அளவுகள்தான், எதையும் மாற்றவில்லை. அன்று கோடுகள் அழகாக வந்தன. நாளை 9 மணி ஸ்லாட்டை விட்டால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். யாராவது சொல்லுங்களேன்.

மஞ்சள்விளக்கு:
எந்த ரெசிஸ்ட்? எந்த டெவலப்பர்? வேஃபர் வெறும் சிலிக்கானா, மேலே ஆக்சைடு படலம் இருக்கிறதா? "அதே அளவுகள்" என்றால் நாங்கள் என்ன கண்டோம்?

ஸ்பின்னர்ராஜா:
டெவலப்பர்தான். ஏஇசட் 400கே மாதிரி அடர்த்தியான சரக்கைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றியிருப்பீர்கள். ஒளி படாத இடமும் கரைந்துவிடும்.

கிளாஸ்100:
எஸ்ஓபி என்று எழுத்தில் ஒரு செய்முறை வைத்திருப்பார்களே, படித்தீர்களா? எங்கள் காலத்தில், வேஃபரைச் சுழற்றி ரெசிஸ்ட் பூசும் ஸ்பின்னரைத் தொடவே ஆறு மாதம் ஆகும். இப்போது இரண்டு நாளில் அனுமதி, மூன்றாம் நாள் இங்கே கேள்வி.

மழைக்காலம்:
அறையில் ஈரப்பதம் எவ்வளவு? எனக்கு ஜூலையில் இதே தொல்லை.

புதுவேஃபர்:
ரெசிஸ்ட் எஸ்1813. ஸ்பின்னரில் நிமிடத்துக்கு 4000 சுற்று, பிறகு 115 டிகிரியில் ஒரு நிமிடச் சூடு. டெவலப்பர் எம்எஃப்-319. எஸ்ஓபி படித்தேன் சார்.

மஞ்சள்விளக்கு:
எம்எஃப்-319 தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றுவதுதான், ராஜா சொன்ன கதை இங்கே பொருந்தாது. ஆக்சைடா என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. இன்னொன்றும் சொல்லுங்கள்: ரெசிஸ்ட் சிவப்புப் புகைபோலக் கரைகிறதா, தோலாக உரிந்து மிதக்கிறதா? கரைந்தால் ஒளியளவையும் டெவலப்பரையும் பார்க்கலாம். உரிந்தால் அடியில் ஒட்டவே இல்லை.

புதுவேஃபர்:
தோல்தான். கோடுகள் வடிவம் மாறாமல் மிதந்தன. 300 நானோமீட்டர் ஆக்சைடு. அசிட்டோன், ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) இரண்டிலும் கழுவி, நைட்ரஜன் ஊதி, நேரே ஸ்பின்னர்.

மஞ்சள்விளக்கு:
ரெசிஸ்ட் ஒட்டுவதற்காக முதலில் கொடுக்கும் ஹெச்எம்டிஎஸ் எங்கே? ஆக்சைடு மேற்பரப்பு காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டெவலப்பர் ரெசிஸ்ட்டுக்கு அடியில் புகுந்து பெயர்த்துவிடும். முதலில் 150 டிகிரிக்கு மேல் சூடாக்கி ஈரத்தை விரட்டுங்கள், பிறகு ஹெச்எம்டிஎஸ். டம்மி வேஃபர் ஒன்றையும் கூடவே வைத்து, அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பரவினால் இன்னும் தயாரில்லை. குமிழாக நின்றால் ரெசிஸ்ட் ஊற்றலாம்.

ஸ்பின்னர்ராஜா:
ஸ்பின்னரிலேயே நாலு சொட்டு ஹெச்எம்டிஎஸ் விட்டுச் சுற்றினால் போதும்.

மஞ்சள்விளக்கு:
வேண்டாம். அது தடிமனாகத் தங்கினால், சூடாக்கும்போது அமோனியா வெளிவந்து ரெசிஸ்ட்டின் அடிப்பகுதியை இறுக்கிவிடும். அப்புறம் அந்த இடம் டெவலப் ஆகாது. ஆவியாகக் கொடுப்பதே முறை.

ஸ்பின்னர்ராஜா:
பத்து வருடமாகச் சுற்றுகிறேன், ஒன்றும் இறுகவில்லை.

கிளாஸ்100:
அடிப்படையே தெரியாமல் உள்ளே விட்டால் இப்படித்தான்.

வெளியூர்க்காரன்:
கிளாஸ்100, வெளியாட்களையும் நானோ ஆய்வகங்களில் வேலை செய்ய விடும் ஐஎன்யுபி மாதிரித் திட்டம் வந்த பிறகுதான் பெங்களூரு ஐஐஎஸ்சியிலும் மும்பை ஐஐடியிலும் உள்ள கருவிகளை எங்களைப் போன்ற வெளிக் கல்லூரிக்காரர்கள் தொட முடிந்தது. ஆறு மாதம் பக்கத்தில் நின்று பார்க்கச் சொன்னால், அறை வாடகையை நீங்கள் தருவீர்களா?

கிளாஸ்100:
வாடகையைப் பற்றி நான் பேசவில்லை. மூன்று வேஃபர் போனதைப் பற்றிப் பேசுகிறேன்.

வெளியூர்க்காரன்:
உங்களுக்கு ஒன்றுகூடப் போனதில்லையாக்கும்.

மழைக்காலம்:
ரொம்ப வறண்டாலும் சிக்கல். ஒளி பட்ட ரெசிஸ்ட் வினை முடிக்கக் கொஞ்சம் நீர் வேண்டும். அதனால்தான் கேட்டேன்.

புதுவேஃபர்:
இப்போது நிற்கிறது. பயிற்சி அன்று நாங்கள் உள்ளே வருமுன்பே டெக்னீஷியன் அண்ணா வேஃபர்களை ஹெச்எம்டிஎஸ் ஆவி கொடுக்கும் ஓவனில் வைத்து எடுத்துவிட்டாராம். எஸ்ஓபியில் "தயார் செய்த வேஃபர்" என்று மட்டும் இருக்கிறது. நன்றி மஞ்சள்விளக்கு, ஸ்லாட் முடியப் போகிறது.

கிளாஸ்100:
ஆக, எஸ்ஓபியில் இருந்திருக்கிறது.

மழைக்காலம்:
ஈரப்பதம் எவ்வளவு என்று கடைசிவரை சொல்லவே இல்லையே?